டேங்கர் தெளியும் வரை இருபது நிமிடம்

மண்ணுக்கு அடியில் இருப்பதை மேலே நின்றபடியே அறிந்து சொல்லும் மதிநுட்பமே, மூன்று தொட்டிகளுக்கும் முப்பத்திரண்டு ஆண்டுகள் முழுக்காவலாய் நின்ற முதன்மையே, சொட்டையும் சிந்தாமல் சொல்லையும் சிந்தாமல் வாழ்ந்த செம்மலே, எங்கள் பெட்ரோல் பங்கின் மேற்பார்வையாளராய் இருந்து இன்று பணி நிறைவு பெறும் பெருந்தகையே, ஊழியர் முதல் ஓட்டுநர் வரை எல்லோரும் ‘தெளியட்டும் அண்ணன்’ என்று வாய் நிறைய அழைக்கும் அன்புருவே, வணக்கம்.

இதே நடையில் மூன்று பக்கம் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தோம். முதல் வாக்கியத்திலேயே மூச்சு வாங்கிவிட்டது. அது போக, ‘செம்மலே’ என்ற இடத்தில் நீங்கள் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்து, டேங்கர் பக்கம் பார்த்து, தீப்பொறி வராமல் காக்கிற எர்த் வயரை மாட்டியாச்சா என்று கேட்டிருப்பீர்கள். மாட்டியாச்சு அண்ணா. உட்காருங்கள்.

இந்த விழாவை ஏன் இந்த நேரத்தில் வைத்தோம் என்று வந்திருக்கும் சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறோம். போன வாரம் அண்ணனிடம் போய், “வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு உங்களுக்கு விழா” என்றோம்.

“அஞ்சு மணிக்கு லோடு வருது.”

“அப்போ நாலு மணிக்கு?”

“லோடு வர்ற அன்னிக்கு நாலு மணிக்கு இடம் இருக்கான்னு தொட்டியைப் பார்க்கணும்.”

“சரி, ஆறு மணிக்கு?”

“இறக்கின பிறகு மறுபடி அளக்கணும்.”

“அண்ணா, அன்னிக்கு நீங்க ரிட்டயர் ஆகறீங்க.”

“ஆமா. அது டேங்கருக்குத் தெரியுமா?”

அப்போதுதான் எங்களுக்கு ஒரு வழி தோன்றியது. டேங்கர் வந்து நின்றதும் குழாயை மாட்டி இறக்கிவிட முடியாது. வழியெல்லாம் குலுங்கி வந்த எண்ணெய் அசையாமல் நிற்க வேண்டும். அதில் தண்ணீரோ தூசியோ இருந்தால் அடியில் போய்ப் படிய வேண்டும். மற்ற இடங்களில் அதற்குப் பத்து நிமிடம் விடுவார்களாம். இங்கே அண்ணன் கணக்கில் இருபது. எந்த ஓட்டுநர் எவ்வளவு குதித்தாலும், “தெளியட்டும்” என்ற ஒற்றைச் சொல்தான் பதில். பட்டப்பெயர் வந்ததும் அப்படித்தான். முப்பத்திரண்டு ஆண்டுகளில் அண்ணன் வேலை நேரத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது இந்த இருபது நிமிடம் மட்டும்தான். அதைப் பிடித்துக்கொண்டோம். ஐந்து மணிக்கு வண்டி வந்து நின்றது. ஐந்து இருபதுக்கு இந்த மடல் முடிந்தாக வேண்டும்.

அதனால்தான் எல்லோரும் மஞ்சள் கூம்புகளுக்கு இந்தப் பக்கம், அலுவலக வாசலில் உட்கார்ந்திருக்கிறோம். எல்லார் செல்போனும் மேசை டிராயருக்குள். மைக் கிடையாது. கேக்கில் மெழுகுவர்த்தி கிடையாது. வைத்திருந்தால் நீங்கள் மணல் வாளியைக் கேக்கின் மேலேயே கவிழ்த்திருப்பீர்கள். டேங்கர் ஓட்டுநருக்கும் ஒரு துண்டு எடுத்து வைத்திருக்கிறோம். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக இன்றைக்கு அவர் “சீக்கிரம்ண்ணே” என்று சொல்லவில்லை.

இனிமேல் ‘நீங்கள், நீங்கள்’ என்று முகத்துக்கு நேரே பாராட்டினால் நீங்கள் நெளிவீர்கள். அதனால் அண்ணன் என்று வேறு யாரோ ஒருவர் இங்கே வேலை பார்த்தார் என்று வைத்துக்கொள்வோம். அவரைப் பற்றிச் சொல்கிறோம். நீங்கள் பெட்ரோல் போட வந்த ஆள் மாதிரிக் கேட்டுக்கொண்டிருங்கள்.

அந்த அண்ணன் காலையில் வந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தொட்டிகளை அளக்கப் போவார். எங்கள் முற்றத்துக்கு அடியில் மூன்று தொட்டிகள். ஒன்று பெட்ரோல், இரண்டு டீசல். நாம் நடப்பதும் வண்டிகள் நிற்பதும் அவற்றின் தலைமேல்தான். மேலே தெரிவது மூன்று வட்ட மூடிகள் மட்டும். மூடியைத் தூக்கினால் உள்ளே இரண்டு குழாய் வாய்கள்: ஒன்று டேங்கரிலிருந்து எண்ணெய் இறங்க, இன்னொன்று அளக்க. அண்ணன் பித்தளைக் கோலைத் துடைத்து, அதன் நுனியில் தண்ணீர் காட்டும் பசையைத் தடவி, மெதுவாக உள்ளே இறக்குவார். அடியில் இடிக்க விடமாட்டார். குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது மாதிரித்தான் அது. மேலே இழுத்ததும் ஈரம் ஏறியிருக்கிற கோட்டைப் பார்ப்பார். பசை நிறம் மாறியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். அன்றைக்குச் சரிசெய்யும் வரை அந்தப் பம்புக்கு விடுமுறை. பிறகு ஒவ்வொரு பம்பிலும் ஐந்து லிட்டர் அளவுக் குவளையில் பிடித்து, முழங்காலை மடித்துக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்ப்பார். குறைந்தாலும் விடமாட்டார், கூடினாலும் விடமாட்டார்.

இதெல்லாம் அவர் வேலை. வேலையைச் செய்ததற்கா வாழ்த்து மடல் என்று அவரே கேட்பார். அதனால் வேலையில் இல்லாத ஒரு விஷயத்தைச் சொல்கிறோம். இதை வெளியே சொல்லலாமா என்று எங்களுக்குள் இரண்டு நாள் பேசினோம். கடைசியில், “சொல்லுங்க, நானே சொல்லணும்னுதான் இருந்தேன்” என்றவர் எங்கள் மூன்றாம் பம்ப் அக்கா.

அக்காவைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. பத்தொன்பது வருடமாக மூன்றாம் பம்பில் நிற்கிறார். அவர் சிரித்தால் முதல் பம்பில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். ஒரு வண்டியை ஒருமுறை பார்த்துவிட்டால் அதன் முகம் அவருக்கு மறக்காது. ஆட்கள் முகம்தான் மறந்துபோகும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் அண்ணன் லீவு போட்டார். முந்தின நாள் அண்ணிக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது; காலை பத்து மணிக்குக் கட்டு அவிழ்க்கிற நாள் அது. லோடு இறக்குகிற பொறுப்பை அக்காவிடம் விட்டுப் போயிருந்தார். அக்கா பலமுறை அண்ணன் கூட நின்று செய்த வேலைதான். எட்டரை மணிக்கு டீசல் லோடு வந்தது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. “மழை விழுந்தா மூடியைத் திறக்க முடியாதுக்கா, அதுக்குள்ள இறக்கிடலாம்” என்றார் ஓட்டுநர். அக்காவுக்கும் அது நியாயமாகப் பட்டது. இருபது நிமிடம் விடவில்லை. நீல மூடியைத் தூக்கினார். நீலம் என்றால் டீசல். கோலை விட்டு அளந்தார், துணியால் துடைத்தார், துணியை இடுப்பில் செருகிக்கொண்டார், குழாயை மாட்டச் சொன்னார்.

அதற்கு முந்தின வாரம்தான் மூடிகளுக்கு வண்ணம் பூசியிருந்தார்கள். பூசுகிறவர் மூன்றையும் கழற்றிச் சுவரோரம் காயவைத்து, திரும்பப் போடும்போது பெட்ரோல் மூடியையும் ஒரு டீசல் மூடியையும் மாற்றிப் போட்டுவிட்டார். மூன்றும் ஒரே அளவு. எந்தக் குழியிலும் கச்சிதமாகப் பொருந்தும். அந்த வாரம் முழுக்க அண்ணன்தான் அளந்தார். மூடி மாறியதை அவரும் கவனிக்கவில்லை. ஏனென்றால் அவர் மூடியின் நிறத்தைப் பார்த்துத் திறக்கிற ஆளே இல்லை. எந்தக் குழி எதற்கு என்று அவர் காலுக்குத் தெரியும். கோலைத் துடைத்த துணியை விரலால் தடவிப் பார்ப்பார். பெட்ரோல் என்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் துணி காய்ந்துவிடும். டீசல் என்றால் சாயங்காலம் வரை பிசுபிசுக்கும்.

டீசல் இறங்குகிறது என்று நினைத்து அக்கா டீசல் பம்புகளை நிறுத்தியிருந்தார். பெட்ரோல் பம்புகள் ஓடிக்கொண்டிருந்தன. நான்கு நிமிடம் போயிருக்கும். கை துடைக்க இடுப்புத் துணியை எடுத்தார். துணி காய்ந்திருந்தது.

“மூடுங்க, வால்வை மூடுங்க” என்று அக்கா ஓடியதை ஓட்டுநர் இன்றைக்கும் சொல்வார்.

அக்கா அண்ணனுக்குப் போன் போட்டார்.

“அண்ணா, டீசலைப் பெட்ரோல் தொட்டியில விட்டுட்டேன்.”

“வால்வை மூடிட்டியா?”

“மூடிட்டேன்.”

“பெட்ரோல் பம்ப் நிறுத்தியாச்சா?”

“எல்லாம் நிறுத்திட்டேன்.”

“யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?”

“இல்லண்ணா.”

“அப்போ உட்காரு. தண்ணி குடி. வர்றேன்.”

அண்ணன் தன் மொபெட்டில் வந்து இறங்கியபோது அக்கா மணல் வாளிகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் தொட்டியைக்கூடப் பார்க்கவில்லை. முதலில் கேட்டது, “அந்த நாலு நிமிஷத்துல பெட்ரோல் யாருக்காவது போட்டோமா?”

ஒரே ஒரு வண்டிக்குப் போட்டிருந்தோம். சிவப்பு ஸ்கூட்டர். ஒரு அம்மா, பின்னால் புத்தகப் பையோடு ஒரு சின்னப் பெண். யார் என்று யாருக்கும் தெரியாது.

“வண்டிக் குழாயில பழைய பெட்ரோல் கொஞ்சம் இருக்கும். அதுல கொஞ்ச தூரம் போகும். பாலத்து மேல ஏறி நடுவுல நின்னுச்சுன்னா, பின்னாடி பஸ்ஸு லாரின்னு வரும்” என்று அண்ணன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு அக்காவிடம், “எழுந்திரு தங்கச்சி. வண்டியோட மூஞ்சி உனக்குத்தான் தெரியும். பின்னாடி ஏறு.”

“நான் எங்கண்ணா வர்றது? என் மூஞ்சியை எங்க வெச்சுக்கறது?”

“ஹெல்மெட்டுக்குள்ள வெச்சுக்கோ. ஏறு.”

இந்த மடலுக்கு இப்போது பத்து நிமிடம் ஆகியிருக்கும். டேங்கரைப் பார்க்காதீர்கள் அண்ணா, அது எங்கேயும் போகாது.

பாலம் ஏறுவதற்கு முந்தின மரத்தடியில் அந்த ஸ்கூட்டர் நின்றிருந்தது. பாலத்தை அது தொடவில்லை என்று பார்த்ததும் அக்கா அண்ணனின் சட்டையை முதுகில் கசக்கிப் பிடித்ததைப் பிறகு சொல்லி அழுதார். அந்த அம்மா வண்டியை உதைத்து உதைத்து வியர்த்துப்போயிருந்தார். பின்னால் வெள்ளையாகப் புகை.

“பெட்ரோல் போட்டு பாலம்கூடத் தாண்டல, எருமை மாதிரி நிக்குதுங்க.”

“வண்டி மேல தப்பில்லம்மா. தப்பு எங்களோடது” என்றார் அண்ணன். “பெட்ரோல்ல டீசல் கலந்துருச்சு. கால் மணி நேரம் குடுங்க.”

“யாரு போட்டது? ஒழுங்காப் பார்த்துப் போட மாட்டீங்களா?”

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அக்கா ஹெல்மெட்டைக் கழற்றினார். “நான்தாங்க. நான்தான் தப்பு பண்ணேன்.”

அந்த அம்மா வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தினார். அந்தச் சின்னப் பெண்தான் பேசியது. “அம்மா, லேட்டாப் போனா டீச்சர் யாரையாச்சும் கூட்டிட்டு வரச் சொல்வாங்க. இவங்களையே கூட்டிட்டுப் போலாமா?”

அண்ணன் ஸ்கூட்டர் தொட்டியைக் கேனில் வடித்தார், பிளக்கைக் கழற்றித் துடைத்தார். பிறகு தன் மொபெட்டில் இருந்த பெட்ரோலை ரப்பர் குழாய் போட்டு முழுக்க ஸ்கூட்டருக்கு ஏற்றினார். நாலாவது உதையில் வண்டி கிளம்பியது. அக்கா அந்தப் பெண்ணோடு பள்ளிக்கூட வாசல் வரை போய், டீச்சரிடம் நின்று, “என்னாலதான் லேட்டு” என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

மொபெட்டில் சொட்டுப் பெட்ரோல் இல்லை. இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்தார்கள். திட்டுவார், திட்டுவார் என்று அக்கா பார்த்துக்கொண்டே நடந்தார். மழையும் பிடித்துக்கொண்டது. அண்ணன் திட்டவில்லை.

“அண்ணா, பத்து மணிக்கு அண்ணிக்குக் கட்டு அவிழ்ப்பாங்கன்னீங்களே.”

“அவிழ்க்கட்டும்.”

“முதல்ல உங்களைத்தானே பார்க்கணும்னு சொல்லியிருப்பாங்க.”

“பார்ப்பா, பார்ப்பா. என் மூஞ்சி எங்க போயிடப் போகுது?”

சாயங்காலம் அவர் ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றதும் அண்ணி சொன்ன முதல் வார்த்தை என்ன என்று அண்ணியே எங்களிடம் சொல்லியிருக்கிறார். “வாசப்படி ஏறும்போதே டீசல் வாசனை வந்துச்சு. கண்ணை எதுக்குத் திறந்தேன்னு இருந்துச்சு. சரி, திறந்து பார்த்தா, இவ்வளவு நரைச்சிருக்கீங்க, யாருமே சொல்லலையே எனக்கு.” அண்ணி முன்வரிசையில்தான் இருக்கிறார். நாங்கள் சொல்வது தப்பென்றால் எழுந்து மறுக்கட்டும்.

அந்தத் தொட்டியைக் காலி செய்து, கழுவி, மறுபடி பெட்ரோல் விற்க மூன்று நாள் ஆனது. முதலாளி அண்ணனை உள்ளே கூப்பிட்டார். “அந்தம்மா இனிமே இங்க வேண்டாம்.”

“சார், மூடி மாறினா என்ன ஆகும்னு இந்த பங்க்ல இப்போ அவங்க ஒருத்தருக்குத்தான் நல்லாத் தெரியும். அவங்களை அனுப்பிட்டு, தெரியாத ஆளை வெச்சுக்கப் போறோமா?”

முதலாளி மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். அவருக்குப் பதில் கிடைக்காதபோது அப்படிப் பார்ப்பார். இந்த வரியைப் படிக்கும்போது இங்கே மின்விசிறி இல்லாததால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறோம்.

மறுநாள் அண்ணன் செய்தது ஒரே காரியம். மூன்று மூடிகளையும் அதனதன் குழியோடு சங்கிலியால் பிணைத்தார். இனி எத்தனை முறை வண்ணம் பூசினாலும் மாற்றிப் போட முடியாது. அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

அக்காதான் விடவில்லை. அன்றிலிருந்து அவர் மூடிப் பக்கம் போகவில்லை. தொட்டியைச் சுற்றிக்கொண்டுதான் கழிவறைக்கே போவார். அண்ணன் ‘வா’ என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ஆனால் ஒன்று செய்தார். லோடு வரும் நாளெல்லாம், கோலைத் துடைத்து, துணியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து மூன்றாம் பம்பைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வார். பெட்ரோல் என்றால், “காஞ்சிருச்சு தங்கச்சி.” டீசல் என்றால், “காயல தங்கச்சி.” அக்கா வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டே, திரும்பாமல், “சரிண்ணா” என்பார். அதைக் கேட்ட பிறகுதான் அண்ணன் குழாயை மாட்டச் சொல்வார்.

ஆறு வருடம். ஒரு லோடு விடாமல். புதிதாக வந்தவர்கள் இது ஏதோ பங்க் விதிமுறை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். மேலிடத்திலிருந்து பார்வையிட வந்த அதிகாரி ஒருவர், “அந்தம்மா எதுக்கு சரி சொல்றாங்க?” என்று கேட்டார். “அவங்க சொன்னாத்தான் சார் இறக்குவோம்” என்றார் அண்ணன். அதிகாரி ‘நல்ல நடைமுறை’ என்று குறித்துக்கொண்டு போனார்.

போன மாதம் அண்ணனுக்குப் பதில் யார் என்று பேச்சு வந்தது. வெளியிலிருந்து ஆள் எடுக்கலாம் என்று முதலாளி சொன்னார். மறுநாள் அக்கா அலுவலகத்துக்கு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “நான் பார்க்கட்டுமா?” என்றார். அவ்வளவுதான் கேட்டார். முதலாளி தலையாட்டும் வரை கதவை விடவே இல்லை.

அண்ணா, இந்த ஒரு மாதமாக நீங்கள் வருவதற்கு முன்பே காலையில் வந்து அக்கா மூன்று தொட்டிகளையும் அளந்துகொண்டிருந்தார். தான் அளந்ததைத் தனித் தாளில் எழுதி மடித்து வைப்பார். பிறகு நீங்கள் வந்து அளந்து பதிவேட்டில் எழுதியதோடு ஒத்துப்பார்ப்பார். முதல் நாள் கோல் அடியில் இடித்துவிட்டது. நான்காம் நாள் கோலைத் தலைகீழாக மாட்டிவிட்டுப் போய்விட்டார். அதை நீங்கள் நேராக்கி மாட்டியதை நாங்கள் பார்த்தோம். யார் தொட்டது என்று கேட்பீர்கள் என்று பயந்தோம். நீங்கள் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து வழக்கத்தைவிடக் கால் மணி நேரம் தாமதமாக வரத் தொடங்கினீர்கள். முப்பத்திரண்டு வருடத்தில் தாமதமாக வராதவர்.

இன்று மதியம் சாப்பிடும்போது அக்கா, “முடியலன்னா அண்ணனைக் கூப்பிடலாம்தானே?” என்று கேட்டார்.

“தாராளமா. மாலையைக் கழட்டி நாற்காலில போட்டுட்டு வந்துடுவார்” என்றோம்.

“அதான் பயமே” என்றார்.

இனி மறுபடி ‘நீங்கள்’ என்றே சொல்கிறோம். கொஞ்சம்தான் பாக்கி. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு அண்ணனாய் அமைந்தவரே, எரியக்கூடியவற்றின் நடுவே எங்கள் மேல் ஒருநாளும் எரிந்து விழாதவரே, நாளை காலை நீங்கள் எழும்போது அளக்க ஒன்றும் இல்லாமல் கை பரபரக்கும். அண்ணி குடத்தில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்; அதில் கோல் எதையும் விட வேண்டாம். நல்ல தூக்கமும் நல்ல நடையும் நோயில்லாத உடம்புமாய் நீங்கள் நீண்ட காலம் இருக்க வேண்டும். அண்ணி கண்ணைத் திறக்கும்போதெல்லாம் முதலில் தெரிகிற முகமாய் இருக்க வேண்டும். உங்கள் சட்டையிலிருந்து டீசல் வாசனை போக எத்தனை துவைப்பு ஆனது என்று அண்ணி எங்களுக்கு வந்து சொல்ல வேண்டும். சாலையில் ஓடுகிற ஏதோ ஒரு சிவப்பு ஸ்கூட்டரை நீங்கள் பார்க்கும்போது எங்கள் நினைப்பு வர வேண்டும்.

இப்போது ஐந்து இருபது. டேங்கர் தெளிந்திருக்கும். மூன்றாம் பம்ப் பக்கம் பாருங்கள். அங்கே யாரும் இல்லை. இந்த மடலின் கடைசிப் பக்கம் திரும்பியபோதே அக்கா எழுந்து போய்விட்டார். இன்று பெட்ரோல் லோடு. டேங்கரின் முத்திரையைப் பார்த்து, மூடியைத் தூக்கி, கோலை விட்டு எடுத்து, துணியை விரலால் தடவிக்கொண்டிருப்பார். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம்.

கொஞ்ச நேரத்தில் முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து, “காஞ்சிருச்சுண்ணா” என்று ஒரு சத்தம் வரும். ஆறு வருடமாக அக்கா உங்களுக்குச் சொன்ன பதிலை இன்றைக்கு நீங்கள் அவருக்குச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் குழாயை மாட்டுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதற்காக இத்தோடு படிப்பதை நிறுத்திக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் ‘சரி’யைக் கேட்கக் காத்திருக்கும்
பங்க் ஊழியர்கள் பதினான்கு பேர்,
கேக் துண்டோடு உட்கார்ந்திருக்கும் டேங்கர் ஓட்டுநர்,
வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் முதலாளி